நேரான தையல்

"அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. வேகமாப் போயிட்டீங்க."

"மூணு நாள் நிக்க வெச்சாங்க. உக்கார விடலை, தூங்க விடலை. நாலாம் நாள் காலைல அவன் இருந்த இடத்தை நானே சொல்லிட்டேன். அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வெச்சுடு."

"இவ்வளவுதானா? மூட்டைப்பூச்சியைப் பத்தி மட்டும் நாலு பக்கம் சொன்னீங்களே?"

"மூட்டைப்பூச்சி ரொம்பக் கடிச்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற அத்தியாயம் இல்லை இது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் அவள், கோடு போட்ட நோட்டோடு. அந்தப் பக்கம் அவள் கணவர், விசாரணைக்கு வந்த ஆளைப் போல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. வெளியே மழை விட்டபாடில்லை. குறுக்கே கட்டிய கொடியில் மூன்று நாள் துணி காயாமல் புளித்த வாடையோடு தொங்கியது. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

ஒரு காலத்தில் அவர் நூற்பாலையில் ஒயர்மேன். நானூறு மோட்டார்களில் எது எந்த நேரத்தில் முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சங்கத்தைத் தடை செய்தபோது முதல் இரவே அள்ளிக்கொண்டு போன ஆறு பேரில் அவரும் ஒருவர். ஆறு வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்து ஐந்து வருடம் ஆகிறது. வலது கையில் மூன்று விரல்கள் உடைந்து, மருந்தில்லாமல் தாமாகக் கூடியதில் கோணலாகவே நின்றுவிட்டன. பேனாவும் பிடிக்காது, திருப்புளியும் பிடிக்காது. இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். அதற்கு இரண்டு விரல் போதும்.

ஒரு பதிப்பகத்துப் பெண்தான் தேடி வந்து, "ஜெயில்ல நடந்ததை எல்லாம் எழுதுங்க சார், பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்" என்றாள். கையைக் காட்டினார். "நீங்க சொல்லுங்க, யாராவது எழுதட்டும்" என்றாள் அந்தப் பெண். யாராவது என்றால் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சட்டைக் கம்பெனியில் நாளெல்லாம் காலர் தைத்துவிட்டு வந்து, நான்கு மாதமாக அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். ஆறு அத்தியாயம் முடித்ததும் அவர் ஏழைத் தாண்டி எட்டுக்குப் போனார். எட்டு முடிந்து பன்னிரண்டும் முடிந்தது. நாளைச் சாயங்காலம் அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போக வருகிறாள். இனி ஏழுக்குத் திரும்பாமல் முடியாது.

ஏழில் என்ன இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆலை வாசலில் ஒட்டியிருந்தார்கள். 'தலைமறைவாக இருந்தவரின் இடத்தை நானே காவல்துறைக்குத் தெரிவித்தேன்.' கீழே அவருடைய கையெழுத்து, கோழி கிளறியது போல. பயத்தில் கை எப்படி நடுங்கியிருக்கிறது பார் என்று நின்று நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒயர்மேன் என்ற பெயர் போய் 'நாக்கு' என்ற பெயர் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் சின்னப் பையன்கள்கூட, "நாக்கு, ரெண்டு டோக்கன் குடு" என்பார்கள். கொடுப்பார்.

தலைமறைவாக இருந்தவனை எல்லோரும் பிரஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்துக்குச் சுவரெழுத்து எழுதுகிறவன். மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு குடோனில் பிடித்தார்கள். பிடித்த ஆறாம் நாள் மாரடைப்பு என்று வீட்டுக்குக் காகிதம் வந்தது. முப்பத்தொரு வயது.

"அவன் குடோன்ல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதலையே?" என்றாள்.

"முன்னாடியே தெரியும்னு போடு."

"அவன் அங்க போனதே நீங்க உள்ள போய் ரெண்டு மாசம் கழிச்சு."

"யாரு உக்காந்து தேதி பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேன்ல?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இடத்தை எழுதினது நான், சொன்னது அவர். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பதினோரு வருடம் தூங்கி எழுந்திருக்கிறாள்.

வழக்கு முடியாத கைதிகள் சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. ஆனால் சிறையில் துவைத்துத் தர மாட்டார்கள். வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை பெண்கள் வரிசையில் நின்று அழுக்கை வாங்கிக்கொண்டு போய்த் துவைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாசல் காவலாளி பையைத் தடவுவான், இடுப்புப் பட்டியை நெருடுவான், கீழ் மடிப்பைப் பிரித்துப் பார்ப்பான். காலரைத் தொட மாட்டான். காலர் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும், உள்ளே கேன்வாஸ் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். கேன்வாஸை எடுத்துவிட்டு அதே அளவில் கெட்டிக் காகிதத்தை வைத்தால் கைக்கு வித்தியாசம் தெரியாது. இது காலர் தைக்கிறவளுக்குத் தெரியும். பழைய நூலால், வேண்டுமென்றே கோணல் மாணலாகக் கையால் தைத்து ஐந்து சீட்டு அனுப்பியிருந்தாள். அழுக்குச் சட்டையில் அவரிடமிருந்தும் பதில் வந்தது. ஐந்தாவது பதிலில், 'பிரஷ் பத்திரமா?' என்று கேட்டிருந்தார்.

பத்திரம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அவள் இடத்தையும் எழுதினாள். அவருக்கு நிம்மதியாக இருக்கட்டுமே என்று நினைத்தாள். அதுதான் ஆறாவது சீட்டு.

"சரி, சீட்டைப் பத்தி எழுதாட்டிப் போகுது. உங்க புத்தகம், உங்க இஷ்டம்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அதுல இன்னொரு வரி எழுதியிருந்தேன். வெளிய வந்து அஞ்சு வருஷமாச்சு. ஒரு நாளாவது அதைப் பத்திக் கேட்டீங்களா? தாங்க முடியாமத்தான் பேசலைன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். இன்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"கிழங்கு வெந்திருக்கும்."

"வேகட்டும்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"அதெல்லாம்னா எதெல்லாம்?"

"நீ எழுதின அந்த வரிதான்."

"என்ன எழுதியிருந்தேன்?"

அவர் உள்ளங்கையால் மேசையைத் துடைத்தார், ஒன்றும் சிந்தியிராத இடத்தை.

"பதினோரு வருஷமாச்சும்மா. வார்த்தைக்கு வார்த்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"வார்த்தை வேண்டாம். விஷயம் என்ன? அதைச் சொல்லுங்க போதும்."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எட்டியது.

"நீங்க அதைப் படிக்கவே இல்ல."

"ஏய்..."

"அந்தச் சீட்டு உங்க கைக்கு வரவே இல்ல. சொல்லுங்க. வந்துச்சா, இல்லையா?"

"வரலை."

"அப்ப இடத்தை எப்படிச் சொன்னீங்க?"

"எழுந்து அடுப்பை அணைச்சுட்டு வா. பாத்திரம் தீயுது."

"தீயட்டும்! இடத்தை எப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லவே இல்ல."

அவரே எழுந்து போய் அடுப்பை அணைத்தார். தோல் வெடித்து மாவாகக் கரைந்திருந்த கிழங்கைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசினார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவருக்குச் சிறையில் பழகியது.

"ஒரு நாள் மேல கூப்பிட்டாங்க. என்னை விசாரிச்ச ஆபீசர் முதல்ல டீ குடுத்தான். நல்ல டீ. அவன் மேசை மேல என் சட்டை கிடந்துச்சு. அந்த நீலக் கட்டம் போட்டது, முழங்கைல ஒட்டுப் போட்டிருப்பியே, அது. காலரைப் பிரிச்சுப் போட்டிருந்தான். 'உன் பொண்டாட்டி நல்ல வேலைக்காரிப்பா'ன்னான்."

"என்ன?"

"காவலாளிக்கு மாட்டினது சீட்டு இல்ல. தையல். முழங்கை கிழிஞ்சு, நிறம் போயி, கந்தலா இருக்குது சட்டை. காலர் மட்டும் கடையில தொங்கற சட்டை மாதிரி. புது நூலு. ஒரு தையல் கூட கோணல் இல்ல. 'இந்தச் சட்டைக்கு இவ்வளவு நல்ல காலரா'ன்னு அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கு. அளவுகோல் வெச்சுப் பாத்தானாம் ஆபீசர். அங்குலத்துக்குப் பன்னிரண்டு. சிரிக்கறான்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

ஆறாவது சீட்டு எழுதிய அந்த வாரம் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. விரல் நடுங்கியது. வெள்ளிக்கிழமை எப்படியோ கம்பெனிக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள். பெடலை மிதித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கை அது பாட்டுக்கு வளைவில் வளைந்து, முனையில் திரும்பி, ஓடி முடித்தது. கோணலாகத் தைக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாக நேராகத் தைத்தே பழகிய கை. நூலை அறுத்துவிட்டு, நடுக்கம் நின்றதே என்று அப்போது சந்தோஷப்பட்டதுகூட அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"அப்புறம்?"

"விடேன்."

"அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ரெண்டு பேப்பரை வெச்சான். ஒண்ணுல உன் பேரு. தடை பண்ண சங்கத்துக்கு ரகசியம் கடத்தினதா வழக்கு. ஏழு வருஷம்னான். இன்னொண்ணு, வாசல்ல ஒட்டினாங்களே, அது. 'இடம் எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, வண்டி கிளம்பியாச்சு. நீ யாரையும் காட்டிக்குடுக்க வேண்டாம். காட்டிக்குடுத்தேன்னு சொன்னாப் போதும்'னான். எனக்கு முதல்ல புரியலை. சும்மா சொல்றதுல இவனுக்கு என்ன லாபம்னு நெனச்சேன். லாபம் பின்னாலதான் தெரிஞ்சுது. ஒரு வாரத்துல சங்கத்துல ஒருத்தனை ஒருத்தன் நம்பலை. அடிச்சுக் கலைக்க முடியாததை ஒரு காகிதத்துல கலைச்சுட்டான்."

"உடனே போட்டீங்களா?"

"ரெண்டு நாள் போடலை." அவர் வலது கையைச் சற்று உயர்த்திக் காட்டினார், கரண்டியோடு. "மூணாம் நாள் உன்னைக் கூட்டிட்டு வர ஆள் போயிருக்குன்னான். போட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன். அதான் அப்படி இருந்துச்சு."

அவள் அந்த மூன்று விரல்களையே பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொன்னான். 'உன் பொண்டாட்டி இதுல இன்னொரு வரி எழுதியிருக்கா. கையெழுத்துப் போடு, படிச்சுக் காட்டறேன்'னான். போட்டதும் சீட்டைக் கோப்புல வெச்சு மூடிட்டான். சிரிச்சான். அது என்ன வரின்னு நான் எவ்வளவு நாள்... உன்னைக் கேட்டா எல்லாத்தையும் சொல்ல வேண்டி வரும். கேக்காம இருந்துட்டேன்."

"எனக்கு நாள் தள்ளிப்போயிருந்துச்சு" என்றாள் அவள். "நீங்க உள்ள போனப்புறம்தான் எனக்கே தெரியும். காவலாளியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, உங்களைப் பாக்க விடற அஞ்சு நிமிஷத்துல அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. பெறகு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. அதைத்தான் எழுதினேன். 'ஒண்ணு இருந்தது, போன சனிக்கிழமை போயிடுச்சு, நான் நல்லா இருக்கேன்'னு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பையனா பொண்ணா?" என்று கேட்டார்.

"மூணு மாசத்துல அதெல்லாம் தெரியாதுங்க."

அவர் தலையாட்டினார், ஒரு முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரைப் போல.

அவளுக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. மிக நிதானமாக.

"யாரு உங்களைக் கேட்டா?"

"என்னது?"

"எனக்காகப் பாவத்தைச் சுமக்கச் சொல்லி யாரு கேட்டா உங்களை? வந்ததும் சொல்லியிருக்கலாம்ல? அஞ்சு வருஷமா இந்த வீட்டுல நான் உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கேன். தெருவுல உங்க கூட நடக்கக் கூசி நாலு அடி பின்னாலயே வந்திருக்கேன். 'நாக்கு'ன்னு எவனாவது கூப்பிட்டா, கூப்பிடட்டும், தகும்னு மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, டோக்கன் குடுத்த கையோட வந்து சாப்பிட்டுட்டுப் படுத்தீங்களே. எப்படி முடிஞ்சுது?"

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டே."

"தாங்குவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டீங்களா? அந்தப் படுபாவி உங்க முன்னால ரெண்டு பேப்பராவது வெச்சான். நீங்க என் முன்னால ஒண்ணுகூட வெக்கலை."

அவர் அடிபட்டதுபோலப் பார்த்தார். பிறகு, அவள் எதிர்பாராத விதமாக, லேசாகச் சிரித்தார்.

"அவனோட என்னைச் சேத்துட்டே."

"சேக்கலை. ஆனா பக்கத்துலதான் நிக்கறீங்க."

அவள் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினாள். தேதி போட்டாள். 'ஏழு' என்று எழுதிக் கோடு இழுத்தாள்.

"சொல்லுங்க. நடந்தது நடந்தபடி."

"வேண்டாம்மா."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க. எழுதறது என் வேலை. என் வேலைல கோணல் வராதுன்னு உங்க ஆபீசரே சர்டிபிகேட் குடுத்திருக்கான்ல?"

மதியம் வரை சொன்னார். இம்முறை பதினான்கு பக்கம் வந்தது. கரைந்த கிழங்கில் உப்பைத் தூவி, நேற்றைய ரொட்டியோடு இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார், "எழுதிட்டேல்ல? கிழிச்சுப் போடு. முதல்ல சொன்ன மூணு வரியைக் குடுத்துடலாம்."

"எதுக்கு?"

"மத்த பதினொரு அத்தியாயமும் நிஜம். உள்ளே செத்த ஒன்பது பேரோட பேரும் அதுல இருக்கு. வேற எங்கயும் அவங்க பேரு இல்ல. அது வெளிய வரணும். ஏழாவது எப்படி இருந்தா என்ன? ஊருக்குத் தெரிஞ்சதுதானே. எனக்கும் பழகிடுச்சு. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் கெட்டவரா இருந்தாப் போதும்."

"பொய்யை உங்க வாயாலயே அச்சுல ஏத்தினா, அது கல்லுல வெட்டின மாதிரி. செத்தாலும் நீங்க நாக்குதான்."

"சரி, நிஜத்தை ஏத்து. அவளுக்கு யாரு பதில் சொல்றது? நானா, நீயா?"

அவள் என்றால் பிரஷ்ஷின் மனைவி; யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பெனிக்குக் கிளம்பினாள். மூன்று வரி இருந்த தாள் ஒன்று, பதினான்கு பக்கம் தனியே. வீட்டில் எதையும் விட்டுவிட்டு வர மனமில்லை. அவர் ஒன்றைக் கிழித்துவிடுவாரோ என்று பயம். எதைக் கிழித்தால் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மழைக்காலத்தில் கம்பெனிக்குள் மூச்சு முட்டும். இஸ்திரிப் பகுதியிலிருந்து ஆவி மேலே போய்த் தகரக் கூரையில் நீராகி, தைக்கிறவர்கள் கழுத்தில் சொட்டும். அன்று வெள்ளைச் சட்டை ஆர்டர். அவளுடைய மேசைக்குக் கட்டுக் கட்டாகக் காலர் வந்தது. அங்கே அவளையே காலர் என்றுதான் கூப்பிடுவார்கள். மிதித்தாள். கை ஓடியது. வளைவில் வளைந்து, முனையில் திரும்பி, நேராக. முதல் முறையாக அவளுக்குத் தன் தையலைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒன்றை வேண்டுமென்றே கோணலாக விட்டுப் பார்த்தாள். கை அடம் பிடித்தது. மிகக் கஷ்டப்பட்டு ஒரு அங்குலம் வளைத்ததும் சூபர்வைசர் பின்னாலேயே வந்து நின்றான்.

"என்ன காலர், உடம்புக்கு முடியலையா? உன் கைல இப்படி ஒண்ணு வந்து நான் பாத்ததில்லையே?"

"நூல் சிக்கிடுச்சு."

"பிரிச்சுத் தை."

பிரித்துத் தைத்தாள்.

தைத்து முடிந்த சட்டைகளெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஜன்னலோர மேசை. அங்கே கையில் சின்னக் கத்தரியோடு உட்கார்ந்து நூல் பிசிறை வெட்டி, குறை பார்த்து அடுக்குகிறவள்தான் செக்கிங் அக்கா. பிரஷ்ஷின் மனைவி.

ஆலை வாசலில் அந்தக் காகிதம் ஒட்டிய மறுநாள், காலர் தைக்கிற இவளுக்கு இரண்டு பக்கத்து மிஷினும் காலியாகிவிட்டன. யாரும் பேசவில்லை. இவள் தொட்ட குவளையில் தண்ணீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு நாள் இவள் கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பதின்மூன்றாம் நாள் புருஷனைப் புதைத்துவிட்டு அக்கா வேலைக்குத் திரும்பினாள். மணியடித்ததும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, நேராக இவளிடம் வந்து, "ஏன்டி நின்னுக்கிட்டுத் திங்கறே? உக்காரு" என்றாள். தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை இவள் கையில் வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "அவ புருஷன் பண்ணினதுக்கு அவ என்னடி பண்ணுவா? அவளும்தானே ஆம்பளை இல்லாம நிக்கறா" என்றாள். அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியில் இவளை ஒரு சொல் சொன்னவர் கிடையாது. பதினோரு வருடமாக இருவரும் ஒரே இடத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அந்த அரை ரொட்டி ஒவ்வொரு கவளமாக இன்றைக்கும் இவள் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்தது.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? அழுதியா?"

"தூக்கம் இல்லக்கா."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்." அக்கா டப்பாவைத் திறந்தாள். கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தாள். "இது முட்டையா வெங்காயமா சொல்லு. வெள்ளையா என்னமோ இருக்கு."

"முட்டைக்கா."

"நல்லதாப் போச்சு. காலைல நான்தான் வெச்சேன், எனக்கே தெரியலை பாரேன். வெள்ளைத் துணில வெள்ளை நூலைத் தேடித் தேடி கண்ணு அவிஞ்சு போச்சு. இப்பல்லாம் விரலால தடவித்தான் பிசிறு வெட்டறேன். சூபர்வைசர் கிட்டச் சொல்லிடாதே, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"நீ சொல்ல மாட்டே. நீ சொல்ற ஆளா?" அக்கா முட்டையை இரண்டாக்கி ஒன்றை இவள் டப்பாவில் வைத்தாள். "நேத்து அந்தப் பதிப்பகத்துப் பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு."

இவள் கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"புத்தகத்துல போட எங்க வீட்டுக்காரரு போட்டோ வேணும்னுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. குடுத்துட்டேன்."

"எதுக்குக்கா குடுத்தே? அவர் எழுதற புத்தகத்துல போய்..."

"வேற யாரு எழுதப் போறா இவரைப் பத்தி? கம்பெனி முதலாளியா? அந்த முதலாளியோட மதில்லயே ராத்திரியோட ராத்திரியா இவரு எழுதிட்டு, பெயிண்ட் காயட்டும்னு அங்கயே படுத்துத் தூங்கிட்டாரு, தெரியுமா? காலைல வாட்ச்மேன்தான் தட்டி எழுப்பி, 'தம்பி, வேலைக்கு நேரமாச்சு'ன்னு அனுப்பியிருக்கான். இந்த மாதிரி லூசை எல்லாம் எவன் எழுதுவான்?" அக்கா சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பாலோ கண் நோவாலோ. "உன் புருஷன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். இருக்கு. ஆனா அவரும் என்ன பண்ணுவாரு? அடிச்சிருப்பான். மனுஷ உடம்புதானே. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு அடங்க மாட்டேங்குது. இவரு அந்தக் குடோனுக்குப் போன விஷயம் எனக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நாமதானே சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தோம். உள்ள இருந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரிஞ்சுது? நானும் பதினோரு வருஷமா யோசிச்சுப் பாக்கறேன். ஒருவேளை இவரே எந்தக் காலத்துலயோ, 'ஏதாவது ஆச்சுன்னா குடோனுக்குப் போயிடுவேன்'னு அவர் கிட்டச் சொல்லி வெச்சிருப்பாரோ என்னமோ. அந்த லூசு செய்யற ஆள்தான்."

இவளுக்கு முட்டை வாயில் அப்படியே இருந்தது.

"அந்தப் பொண்ணைக் கேட்டேன். 'ஏழாவது அத்தியாயத்துல எல்லாம் இருக்கும்மா, நாளைக்குச் சாயங்காலம்தான் கைக்கு வரும்'னுச்சு. நீதான் எழுதிக் குடுக்கறேன்னும் சொல்லுச்சு. அச்சடிச்சு வந்தா எனக்குப் படிக்கக் கண்ணு ஏது? யாரையாவது வெச்சுக் கேக்கணும். வேற யார் வாயாலயும் அதை நான் கேக்க மாட்டேன். படிக்கறப்பவே என் மூஞ்சியைப் பாப்பாளுங்க. நீ பாக்க மாட்டே." அக்கா எட்டி இவள் பையைத் தொட்டாள். உள்ளே மூன்று வரித் தாளும் பதினான்கு பக்கமும் சேர்ந்து சரசரத்தன. விரலால் பிசிறு தேடுகிறவளைப் போல மேலிருந்து கீழாகத் தடவினாள். "இதுலதானே இருக்கு? மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு. படிச்சுக் காட்டுடி. நான் அழுவேனேன்னு பாக்காதே. எனக்காக ஒரு வார்த்தை கூட மாத்தாம, அவர் என்ன சொன்னாரோ அப்படியே படி."